ஸ்டைல் எங்கே கிடைக்கும்? கோவில்பட்டி காலண்டர் ஓவியர்கிட்ட ஒரு பதில்

(எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, திருத்திக் கொடுத்திருக்கிறோம்.)



போன மாசம் தூத்துக்குடியிலிருந்து ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்கிறாங்க. அவங்க சொன்னதை அப்படியே சொல்றேன்.

"அண்ணே, ரெண்டு வருஷமா டேப்லெட்ல படம் வரையறேன். அனாட்டமி கோர்ஸ் முடிச்சுட்டேன். யூடியூப்ல பார்க்காத வீடியோ இல்ல. ஆனா நான் எதை வரைஞ்சாலும் வேற யாரோ வரைஞ்ச மாதிரியே இருக்குண்ணே. ஒரு வாரம் அனிமே மாதிரி வருது, அடுத்த வாரம் இன்ஸ்டாவுல பார்த்த யாரோ ஒருத்தர் மாதிரி வருது. போன தடவை எங்க ஊரு ஹார்பரை வரைஞ்சு போட்டேன். கீழே ஒருத்தர் வந்து 'இது ஏஐ தானே'ன்னு கேட்டுட்டாரு. அதுக்கப்புறம் பேனாவைத் தொடவே மனசு வரல. எனக்குன்னு ஒரு ஸ்டைல் எங்கண்ணே கிடைக்கும்?"

இந்த நோட்டை மூணு நாலு தடவை கேட்டேன். நான் ஓவியன் கிடையாது, வரலாறு பேசுற ஆள். அதனால எந்த பிரஷ் வாங்கணும், எந்த ஆப் நல்லதுன்னு சொல்லத் தெரியாது. ஆனா இதே கேள்விக்கு வாழ்ந்தே பதில் சொன்ன ஒரு மனுஷனைத் தெரியும். அவர் வேலை பார்த்த ஊர், இந்தத் தங்கச்சி வீட்டிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிற கோவில்பட்டி. இன்னைக்கு எபிசோட் அவரைப் பற்றித்தான். பெயர் சி. கொண்டையராஜு.

பெயர் புதுசா இருக்கலாம். ஆனா அவர் படத்தை, இல்லன்னா அவர் படத்தைப் பார்த்து வரைஞ்ச ஒரு படத்தை, நீங்க கட்டாயம் பார்த்திருப்பீங்க.

எங்க பாட்டி வீட்டுச் சுவர்

எங்க பாட்டி வீட்டுப் பூஜை அறையில ஒரு மீனாட்சி கல்யாணம் இருந்தது. ஒரு கடையில கொடுத்த காலண்டர் அது. வருஷம் முடிஞ்சதும் கீழே இருந்த தேதித் தாளையும் கடை பெயரையும் வெட்டி எடுத்துட்டு, படத்துக்கு மட்டும் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாங்க. பல வருஷம் சூடம் காட்டி, குங்குமம் வெச்சு, நெற்றிப் பக்கம் கண்ணாடியே சிவந்து போயிருந்தது. "இது யாரு பாட்டி வரைஞ்சது?"ன்னு நான் ஒருநாளும் கேட்டதில்லை. பாட்டிக்கும் அந்தக் கேள்வி தோணியிருக்காது. அவங்களுக்கு அது ஓவியம் இல்லை, மீனாட்சி. அவ்வளவுதான்.

ஒரு கலைஞனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி இருக்க முடியுமா? இல்ல, இதைவிடப் பெரிய இழப்பு இருக்க முடியுமா? இதை மனசுல வெச்சுக்கோங்க, கடைசியில இதுக்கே வருவோம்.

ஏன் கோவில்பட்டி?

முதல்ல ஊரைப் புரிஞ்சுக்கணும். தூத்துக்குடின்னதும் நமக்குக் கடல், முத்து, உப்பு, வ.உ.சி.யின் கப்பல் எல்லாம் ஞாபகம் வரும். ஆனா ஒரு துறைமுகம் கடலை மட்டும் நம்பி வாழாது, பின்னால இருக்கிற நிலத்தையும் நம்பித்தான் வாழும். தூத்துக்குடிக்குப் பின்னால இருக்கிறது கரிசல் காடு. மழை குறைவு, பருத்தி நல்லா விளையும். 19-ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமைப் பருத்தி தூத்துக்குடி வழியாக் கப்பல் ஏறியது. 1876-ல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓட ஆரம்பித்தபோது அந்தப் பாதை கோவில்பட்டி வழியாகத்தான் போனது. ரயில் வந்ததும் பஞ்சு வியாபாரம், மில், சந்தைன்னு ஊர் வளர்ந்தது.

இன்னொரு பக்கம், பக்கத்துலயே சிவகாசி. 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் ரெண்டு பேரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்த கதை பலருக்குத் தெரிஞ்சிருக்கும். மழை குறைஞ்ச, காய்ஞ்ச ஊர் தீப்பெட்டிக்குத் தோதா இருந்தது. தீப்பெட்டின்னா மேல லேபிள் ஒட்டணும். எழுதப் படிக்கத் தெரியாத வாடிக்கையாளர் மயில் மார்க், கிளி மார்க்குன்னு படத்தைப் பார்த்துத்தான் கேட்பார். லேபிளுக்கு அச்சகம் வேணும். அச்சகம் வந்தா அதுக்கு வருஷம் முழுக்க வேலை வேணும். அப்படி லேபிள் அடிச்ச ஊர் காலண்டரும் அடிக்க ஆரம்பிச்சது.

ஆக, இந்தச் சின்ன வட்டத்துக்குள்ள காசு புழங்குற வியாபாரிகள் இருந்தாங்க, கலர் அச்சகம் இருந்தது, ஆளையும் சரக்கையும் கொண்டுபோக ரயில் இருந்தது. இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான். வரையற ஆள்.

ஒரு மாணவன் நாலு பள்ளிக்கூடத்தில்

கொண்டையராஜு 1898-ல் பிறந்தவர், சென்னைக்காரர். படிச்சது சென்னைக் கலைப் பள்ளியில. அது 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர்ங்கிற டாக்டர் ஆரம்பித்த பள்ளி. இன்னைக்கு எழும்பூர்ல இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரி அதுதான். அங்கே அன்னைக்குச் சொல்லிக்கொடுத்தது ஐரோப்பிய முறை. எதிர்ல இருக்கிறதைப் பார்த்து அப்படியே வரையணும். ஒளி எந்தப் பக்கமிருந்து வருது, நிழல் எங்கே விழுது, தூரம் போகப் போகப் பொருள் எப்படிச் சின்னதாகுது. நம்ம தங்கச்சி முடிச்சாங்களே அனாட்டமி கோர்ஸ், கிட்டத்தட்ட அதோட தாத்தா.

அன்னைக்குப் படம் வரையற எல்லார் தலைமேலயும் ஒரு நிழல் இருந்தது. ரவிவர்மா. 1894-ல் அவர் பம்பாயில் அச்சகம் தொடங்கி, லட்சுமி, சரஸ்வதி படங்களைக் கலர்ல அடிச்சு வீடு வீடாக் கொண்டுபோய்ச் சேர்த்துட்டார். சாமின்னா இப்படித்தான் இருக்கும்னு மக்கள் மனசுல பதிஞ்சு போச்சு. இன்னைக்கு இன்ஸ்டாவுல ஒரு ஸ்டைல் பிரபலமானா எல்லார் கையும் அந்தப் பக்கம் சாயுது இல்லையா? அதே நெருக்கடி அன்னைக்கும் இருந்தது. இளைஞர் கொண்டையராஜு முன்னாலயும் அந்தக் கேள்வி நின்னிருக்கும். ரவிவர்மாவுக்கு அப்புறம் நான் எதை வரையறது?

படிப்பு முடிஞ்சு அவர் நேரா புகழுக்குப் போகல. திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷியின் ஆசிரமத்துல கொஞ்ச காலம் தங்கினார். அதுக்கப்புறம் பார்த்த வேலை, படிச்ச படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதுற வேலை.

அதைச் சாதாரண வேலைன்னு நினைச்சிடாதீங்க. அந்தக் காலத்து நாடக மேடையில காட்சி மாறணும்னா பின்னால திரை மாறணும். அரண்மனைத் திரை, காட்டுத் திரை, தெருத் திரை, கைலாயத் திரை. பத்துப் பதினஞ்சு அடி உயரத் துணியில, தூணுக்குப் பின்னால தூண், அதுக்குப் பின்னால தோட்டம், அதுக்கும் பின்னால மலைன்னு ஆழம் காட்டணும். கடைசி வரிசையில தரை டிக்கெட்ல உட்கார்ந்திருக்கிறவனுக்கும் அது அரண்மனையாத் தெரியணும். அதுவும் விளக்கு வெளிச்சத்துல. மெல்லிய வண்ண வேறுபாடெல்லாம் அங்கே எடுபடாது. கலைப் பள்ளியில கத்துக்கிட்ட பெர்ஸ்பெக்டிவ் இங்கே துணியில பெரிசாச்சு, பளிச்சுன்னு ஆச்சு.

1940-களின் தொடக்கத்துல அந்த நாடகக் குழு கலைஞ்சு போச்சு. கையில வேலை இல்லை. கொண்டையராஜு கோவில்பட்டியிலேயே தங்கிட்டார். வயசு நாற்பதைத் தாண்டியாச்சு. இன்னைக்குக் கணக்குல பார்த்தா, 'கரியர் முடிஞ்சு போச்சு'ன்னு சொல்லியிருப்போம். உண்மையில அவர் கதை அங்கேதான் தொடங்குது.

ஸ்டுடியோ

கோவில்பட்டியில அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் தேவி ஆர்ட் ஸ்டுடியோன்னு ஒண்ணு நடத்தினாங்க. போட்டோ எடுக்கிறது, எடுத்த போட்டோவைத் திருத்துறது, போட்டோவைப் பார்த்துப் படம் எழுதுறது, திரை எழுதுறது, எல்லாமே அங்கே நடந்தது.

போட்டோ திருத்துறதுன்னா என்னன்னு இன்னைக்கு ஃபில்டர் போடுற நமக்குப் புரியும். கருப்பு வெள்ளைப் படம். அம்மை வடு தெரியும், கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருக்கும். பென்சிலையும் மெல்லிய பிரஷையும் வெச்சு அதையெல்லாம் நிரவணும். கன்னத்துல லேசா ரோஸ், உதட்டுல சிவப்பு, சேலைக்கு ஒரு கலர், நகைக்கு மஞ்சள். கறாரான ஒரே ஒரு நிபந்தனை என்னன்னா, அவங்க முகம் அவங்க முகமாவே இருக்கணும். இறந்துபோன அப்பாவோட ஒரே போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்திருப்பாங்க. "இது எங்க அப்பா மாதிரி இல்லையே"ன்னு சொல்லிட்டா முடிஞ்சது.

இப்போ அவரோட சாமி படங்களைப் பார்த்தீங்கன்னா ஒரு விஷயம் புலப்படும். இதை நான் படங்களை வெச்சுச் சொல்றேன். அந்தத் தோல், வடுவே இல்லாம, உள்ளேயிருந்து விளக்கு எரியற மாதிரி வழவழன்னு இருக்கும். அது போட்டோ ஸ்டுடியோவுல பழகின கை. முகத்துக்குப் பின்னால தூணும் தாமரைக் குளமும் பனிமலையும் அடுக்கடுக்கா இருக்கும். அது நாடகத் திரையில பழகின கை. உடம்பின் திரட்சியும் நிழலும் கலைப் பள்ளி. சாமி உங்களை நேராப் பார்க்கும், ரவிவர்மாவின் பெண்கள் மாதிரி பக்கவாட்டில் எங்கேயோ பார்க்காது. அது வீட்டுப் பூஜை அறைக்கான தேவை. கும்பிடுறவங்க கண்ணும் சாமி கண்ணும் சந்திக்கணும்.

ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பார்த்தா எதுவுமே அவர் கண்டுபிடிச்சது இல்லை. எல்லாம் ஒரே கையில வந்து சேர்ந்தபோது, இது கோவில்பட்டிப் படம்னு ஆச்சு.

இது அவருக்கு மட்டும் நடந்ததும் இல்லை. ராஜஸ்தான்ல நாத்துவாராங்கிற கோயில் ஊர் இருக்கு. அங்கே தலைமுறை தலைமுறையா கிருஷ்ணன் சன்னிதிக்குப் பின்னால தொங்கவிடுற துணி ஓவியம் எழுதுற குடும்பங்கள் உண்டு. அந்தக் குடும்பங்களிலிருந்து வந்தவங்கதான் வடக்கே காலண்டர் ஓவியத்துக்கு ஒரு சாயலைக் கொடுத்தாங்க. அங்கே கோயில் துணி, இங்கே நாடகத் துணி. ரெண்டு ஊர் கிருஷ்ணரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும்.

அச்சகம் சொல்லிக்கொடுத்த லேயர்

1950-களின் தொடக்கத்துல ஒரு காபி நிறுவனத்தின் காலண்டருக்காக கொண்டையராஜு மீனாட்சி கல்யாணம் வரைஞ்சார். அங்கிருந்து வேகம் பிடிச்சது. கஜேந்திர மோட்சம், கீதோபதேசம், வள்ளி தெய்வானையோட முருகன், லட்சுமி, சரஸ்வதின்னு வரிசையா வந்தது. சிவகாசியில அச்சாகி, ஜவுளிக்கடை, மளிகைக்கடை, நகைக்கடை பெயரோட தமிழ்நாடு முழுக்கப் பரவியது.

இங்கேதான் டிஜிட்டல் ஓவியம் பழகுறவங்க கவனிக்க வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு. கலர் அச்சுங்கிறது என்ன? ஒரு படத்தை நிறம் நிறமாப் பிரிச்சு, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பிளேட் செஞ்சு, ஒண்ணு மேல ஒண்ணா அடிக்கிறது. ரவிவர்மா காலத்துல கல்லுல, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். பிறகு கேமராவும் ஃபில்டரும் வெச்சுப் பிரிச்சாங்க. மஞ்சள், மெஜந்தா, நீலம், கருப்பு. ஒரே தாள் திரும்பத் திரும்ப மிஷினுக்குள்ள போய் வந்தாத்தான் மீனாட்சிக்குப் பச்சை நிறம் வரும். மஞ்சள் மேல நீலம் விழணும்.

கேட்ட மாதிரி இருக்கா? லேயர்! ஃபோட்டோஷாப் 1990-ல் வந்தது. அதுல லேயர் வந்தது 1994-ல், மூணாவது வெர்ஷனில். ஆனா ஒரு படத்தைத் தட்டுத் தட்டாப் பிரிச்சு யோசிக்கிற பழக்கம் சிவகாசியில அதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாலயே தினசரி வேலை.

அச்சுக்குன்னு சில பிடிவாதங்கள் உண்டு. பிளேட் ஒரு மயிரிழை விலகினா கோடு ரெட்டையாத் தெரியும். மங்கலான ரெண்டு நிறம் பக்கத்துல பக்கத்துல இருந்தா அச்சுல ஒண்ணாக் கலந்துடும். அதனால ஓவியன் ஒவ்வொரு விளிம்பையும் தெளிவா விடணும், வெளிச்சத்தையும் நிழலையும் கொஞ்சம் கூட்டியே வைக்கணும்.

நகையை மட்டும் எடுத்துக்கோங்க. காலண்டர் அம்மன் கழுத்துல முத்துமாலை இல்லாம இருக்காது. ஒரு முத்து வரைய என்ன வேணும்? சாம்பல் கலந்த ஒரு வட்டம். ஒரு ஓரத்துல கொஞ்சம் அடர்த்தி. எதிர்ப் பக்கம் அழுத்தமா ஒரு வெள்ளைப் புள்ளி. அடியில, பக்கத்துல இருக்கிற சேலையோட நிறம் லேசா. இவ்வளவுதான். டேப்லெட்ல இன்னைக்கு முத்து வரையறவங்களும் இதையேதான் செய்றாங்க. ஒண்ணு வரைஞ்சு அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணிடலாம். கையில வரையறவனுக்கு அந்த வசதி இல்லை. ஒரு மாலைக்கு அறுபது முத்துன்னா அறுபது தடவை அந்த வெள்ளைப் புள்ளியை வைக்கணும். நாற்பதாவது முத்துல அவன் கைக்குன்னு ஒரு பழக்கம் வந்துடும். புள்ளியை எவ்வளவு மேலே வைக்கிறான், எவ்வளவு அழுத்துறான்ங்கிறது யோசிக்காமலே நடக்கும். அந்தப் பழக்கத்துக்கு நாம பின்னால வைக்கிற பேர்தான் ஸ்டைல்.

இது யாரோட ஸ்டைல்?

இப்போ பாட்டி வீட்டுச் சுவருக்குத் திரும்புவோம்.

கொண்டையராஜுகிட்ட பலர் கத்துக்கிட்டாங்க. டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், மீனாட்சிசுந்தரம், செண்பகராமன்னு பெயர்கள் நீளும். சில படங்களின் மூலையில கொண்டையராஜு, சுப்பையா ரெண்டு பேர் கையெழுத்தும் சேர்ந்தே இருக்கும். குருவும் சீடரும் ஒரே படத்தில். 'எனக்குன்னு ஒரு ஸ்டைல்'னு பேசுற நமக்கு இது விநோதமா இருக்கும். ஆனா அந்த ஸ்டுடியோவுல ஸ்டைல்ங்கிறது ஒரு ஆளுக்குள்ள பூட்டி வெச்ச பொருளா இல்லை. ஒரு வீட்டுச் சமையல் ருசி மாதிரி, கூட வேலை பார்த்தவங்க கைக்கு எல்லாம் அது போய்ச் சேர்ந்தது. ருசி ஒண்ணுதான், ஆனா பழகினவங்களுக்கு இன்னைக்குச் சமைச்சது யாருன்னு தெரியும் இல்லையா? அதுபோல சீடர்கள் படத்திலயும் அவங்கவங்க கை தெரியும்.

இதை ரொம்ப அழகாக்கிக் காட்டவும் நான் விரும்பல. இதுக்கு ஒரு விலை இருந்தது. அச்சகம் ஒரு படத்தை மொத்தமா விலைக்கு வாங்கிட்டா அதுக்கப்புறம் எத்தனை தடவை வேணும்னாலும் அடிக்கலாம், நிறத்தை மாத்தலாம், பாதியை வெட்டலாம். வரைஞ்சவருக்கு ஒவ்வொரு பிரதிக்கும் பங்கு வர்ற ஏற்பாடெல்லாம் அந்தத் தொழில்ல வழக்கம் இல்லை. கண்ணாடி போடும்போது சட்டத்துக்குள்ள கையெழுத்து மறைஞ்சு போகும். இன்னொருத்தர் பார்த்து வரைவார், அதைப் பார்த்து மூணாவது ஆள் வரைவார். 1976-ல் கொண்டையராஜு இறந்தபோது அவர் கை பட்ட சாமிகள் எத்தனையோ வீடுகளில் இருந்தாங்க, ஆனா அந்த வீடுகளில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. ஓவிய உலகம் காலண்டர் படத்தைக் கலைன்னு மதிக்கவும் இல்லை. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் மாதிரி சிலர் வந்து அவரையும் சீடர்களையும் பற்றி விரிவா எழுதின பிறகுதான் கலை வரலாற்றுப் புத்தகங்களில் கோவில்பட்டி தலைகாட்டியது.

தங்கச்சி, உங்க ஹார்பர் படத்தைப் பார்த்து 'ஏஐ தானே'ன்னு ஒருத்தர் கேட்டாரே, அந்தக் காயம் எங்கேயிருந்து வருதுன்னு இப்போ யோசிங்க. இன்னைக்கு 'காலண்டர் ஸ்டைல்ல ஒரு முருகன்'னு டைப் பண்ணா அரை நிமிஷத்துல படம் வந்து விழுது. அந்த வழவழ முகமும் பின்னால பனிமலையும் அப்படியே வரும். பல பேர் பல வருஷம் திரையிலும் போட்டோவிலும் அச்சுலயும் கை ஒடியப் பழகினதோட பலன், பெயரே இல்லாம அங்கே கலந்து கிடக்கு. மிஷின் திறமையா இருக்கிறது ஒரு பக்கம். நாம யாருமே 'இது யார் வரைஞ்சது'ன்னு கேட்காமலே பழகிட்டோம்ங்கிறது இன்னொரு பக்கம். என் பாட்டி கேட்கல, நானும் கேட்கல. எனக்கு அந்த ரெண்டாவதுதான் உறுத்துது.

அப்போ என்ன பண்ணலாம்?

டேப்லெட்டோட பெரிய பலம், அதுல எல்லாமே இருக்கு. பெரிய கஷ்டமும் அதுவேதான். நூத்துக்கணக்குல பிரஷ், எண்ணி முடியாத கலர், எத்தனை தடவை வேணாலும் அன்டூ. கொண்டையராஜுவுக்குத் திரைச்சீலை ஒரு எல்லை போட்டது, போட்டோ ஒரு எல்லை போட்டது, அச்சகம் ஒரு எல்லை போட்டது. அந்த எல்லைக்குள்ள முட்டி மோதினதுலதான் அவர் கை உருவாச்சு. நமக்கு யாரும் எல்லை போடுறதில்லை. நாமளே போட்டுக்க வேண்டியிருக்கு.

பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி 2009-ல் ஐபோனில் வரைய ஆரம்பிச்சார். வயசு எழுபதைத் தாண்டியிருந்தது. காலையில ஜன்னல்ல தெரியற வெளிச்சம், ஜாடியில இருக்கிற பூன்னு விரலாலேயே வரைஞ்சு நண்பர்களுக்கு அனுப்புவார். அடுத்த வருஷம் ஐபேட் வந்ததும் அதுக்கு மாறினார். கருவி புதுசு, ஆனா பார்த்தவுடனே ஹாக்னின்னு தெரியும். ஏன்னா, அம்பது வருஷமா அவர் பார்த்துக்கிட்டிருந்த அதே வெளிச்சத்தைத்தான் அதுலயும் பார்த்தார். நம்ம பக்கத்துல, மதுரையில பிறந்த டிராட்ஸ்கி மருது இருக்கார். தமிழ்நாட்டுல கணினியை ஓவியத்துக்கும் அனிமேஷனுக்கும் ஆரம்பத்திலேயே கையாண்டவர்கள்ல ஒருத்தர். தாள்ல வரைஞ்சாலும் திரையில வரைஞ்சாலும் அந்தக் கோட்டோட துள்ளலை வெச்சே அவர்னு சொல்லிடலாம்.

கடைசியா உங்க ஊர்க் கதை ஒண்ணு சொல்றேன். தூத்துக்குடிக் கடல்ல பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961-ஓட நின்னு போச்சு. அதுவரைக்கும் சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக் குவிச்சு ஏலம் விடுவாங்க. வாங்கினவன் அதிர்ஷ்டம், உள்ளே முத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நாம ஸ்டைலைத் தேடுறது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கு. எந்தக் கோர்ஸுக்குள்ள, எந்த பிரஷ் பேக்குக்குள்ள நம்ம முத்து இருக்கும்னு ஏலம் எடுத்துக்கிட்டே இருக்கோம்.

1973-ல் அதே தூத்துக்குடியில, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துல, கே. அழகர்சாமிங்கிற விஞ்ஞானி முத்தை வளர்த்தே காட்டினார். வளர்ப்பு முத்து எப்படி உருவாகுதுன்னு கவனிங்க. சிப்பிக்குள்ள வெளியிலிருந்து ஒரு சின்ன உருண்டையை வைப்பாங்க. அது வேறொரு சிப்பி ஓட்டைக் கடைஞ்சு செஞ்சது. கூடவே இன்னொரு சிப்பியோட உடம்பிலிருந்து வெட்டின சின்னத் திசுத் துண்டு. அப்புறம் சிப்பியைத் திரும்பக் கடல்ல விட்டுடுவாங்க. மாசக்கணக்குல மெல்லிய பூச்சு ஒண்ணு மேல ஒண்ணாப் படிஞ்சு முத்து ஆகும். நடுவுல இருக்கிற உருண்டையும் கடன், பூச்சைத் தொடங்கி வைக்கிற திசுவும் கடன். ஆனா இந்தச் சிப்பி உயிரோட கடல்ல கிடந்த அந்த மாசங்கள் இல்லன்னா முத்து இல்லை. முத்தைக் கையில எடுத்தவங்க யாரும் "நடுவுல இருக்கிறது அடுத்தவன் ஓடு தானே"ன்னு கேட்கிறதில்லை.

அதனால தங்கச்சி, உங்க படம் வேற யாரோ வரைஞ்ச மாதிரி இருக்குன்னா பயப்பட வேண்டாம். கொண்டையராஜு படமும் முதல்ல அப்படித்தான் இருந்திருக்கும். ஒரே ஒரு விஷயம் செஞ்சு பாருங்க. உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ யாருக்காவது உண்மையிலேயே தேவைப்படுற ஒரு படத்தை வரைங்க. தாத்தாவோட மங்கிப்போன போட்டோவா இருக்கலாம். தெருமுனை டீக்கடைக்கு ஒரு போர்டா இருக்கலாம். பனிமய மாதா திருவிழாவுக்கு ஒரு நோட்டீஸா இருக்கலாம். நாலே கலர், ஒரே பிரஷ்னு வெச்சுக்கோங்க. "மூக்கு எங்க தாத்தா மாதிரி இல்லையே மக்கா"ன்னு யாராவது சொல்லுவாங்க. திருத்துங்க. அந்தத் திருத்தம் எந்தக் கோர்ஸ்லயும் கிடைக்காது. அப்படி ஒரு முப்பது படம் ஆகட்டும். அப்புறம் எனக்கு இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க.

இன்னொண்ணு. மூலையில கையெழுத்துப் போடுங்க. சட்டத்துக்குள்ள மறையாத மாதிரி கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடுங்க.

மத்தவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. வீட்டுல பழைய சாமி படம் இருந்தா, அம்மாகிட்ட கேட்டுட்டு மெதுவா இறக்கிப் பாருங்க. துணியால கண்ணாடியைத் துடைச்சுட்டு, கீழ் மூலையில ஏதாவது எழுதியிருக்கான்னு தேடுங்க. நான் பாட்டி வீட்டுல அதைச் செய்யறதுக்குள்ள வீடு கை மாறிப் போச்சு, படமும் எங்கே போச்சுன்னு தெரியல. உங்களுக்கு ஒரு பெயர் கிடைச்சா, ஒரு தடவை சத்தமா வாசிச்சுப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.